பாட்டுக்கு முந்தின மூச்சு

ஹெட்போன் தேவைப்பட்டது லெசியெலிக்கு. ஆனால் சிட்னியில் மவுண்ட் ட்ரூயிட் ஷாப்பிங் சென்டருக்கு மூன்று பேராகப் போனார்கள். நான்தான் வாங்கித் தருவேன் என்று அண்ணன் ஃபெலெத்தி ஒற்றைக்காலில் நின்றார். பசிபிக் கடல் தீவான டோங்காவிலிருந்து வந்த குடும்பத்தில் தங்கைக்கு ஒன்று வேண்டுமென்றால் அண்ணன் பையில் கை விட்டுத்தான் ஆகவேண்டும். அண்ணி மெலேயானெ எதற்கு என்றால், அண்ணனும் தங்கையும் தனியாக ஒரு காரில் ஏறுவதில்லை.

வயதுக்கு வந்த நாளிலிருந்து இருவருக்கும் நடுவில் ஒரு வேலி. ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்க்க மாட்டார்கள், கேலி பேச மாட்டார்கள். உடம்பு சம்பந்தப்பட்ட எதையும் ஒருவர் காதுபட மற்றவர் சொல்லவே மாட்டார்கள். சிட்னியில் பிறந்த பிள்ளைகள் இதைப் பார்த்து வாய்க்குள் சிரிக்கும். சிரிக்கட்டும். ஃபெலெத்தி இந்த விஷயத்தில் இம்மி விட்டுக்கொடுக்காதவர். பக்கத்திலேயே தங்கை நின்றாலும் மனைவி வழியாகத்தான் பேசுவார்.

லெசியெலிக்குப் போனில் மொழிபெயர்க்கிற வேலை. ஆஸ்பத்திரியிலோ கோர்ட்டிலோ ஆங்கிலம் போதாத ஒரு டோங்காக்காரர் திணறினால் இவளுக்கு அழைப்பு வரும். பள்ளிக்கூடத்துக்கு வெளியே காரை நிறுத்திக்கொண்டு, மணி அடித்து மகள் வரும்வரை, முன்பின் தெரியாதவர்களின் வாய்தாவையும் வயிற்று வலியையும் இந்த மொழியிலிருந்து அந்த மொழிக்கு மாற்றிக்கொண்டிருப்பாள். அழைப்பு இல்லாத நேரத்தில் சர்ச் பாடகர் குழுவின் பாட்டைப் போட்டுக் கேட்பாள். அவளுக்கென்று இருந்த ஒரே சொகுசு அதுதான்.

பழைய ஹெட்போனில் எல்லாக் குரலும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரே மாதிரி இருந்தது. அதன் காதுப் பஞ்சும் உதிர ஆரம்பித்திருந்தது. ஒயர் வைத்ததுதான் வேண்டும், ஒயர் இல்லாததில் பேச்சு நடுவில் அறுந்துபோனால் எங்களைக் கேட்காதே என்று வேலை தருகிற ஏஜென்சி கறாராகச் சொல்லியிருந்தது. காரிலேயே பிழைப்பு என்பதால் மடக்கிப் பைக்குள் போடவும் வேண்டும். பேச்சும் பாட்டும் இரண்டும் அதிலேயே ஓட வேண்டும்.

கடையில் மூக்குத்தி போட்ட ஒரு பெண் எடுத்த எடுப்பில் ஒயர் இல்லாததை நீட்டினாள். ஃபெலெத்தி தன் போனில் குழு பாடுகிற வீடியோவைப் போட்டு, அதை மாட்டிப் பார்த்தார். அவர்தான் குழுவை நடத்துகிறவர். அரைகுறை ஆங்கிலத்தோடு வார நாட்களில் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினாலும் ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் அவர் கையைப் பார்த்துத்தான் வாய் திறப்பார்கள்.

"மெலே, இந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. என் கை கீழ இறங்கினப்புறம் சத்தம் வருது. என் ஆளுங்க இப்படிப் பாடினா வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

"ஒரு துளி லேட்டுதான் சார், யாருக்கும் தெரியாது" என்றாள் கடைக்காரப் பெண்.

"எனக்குத் தெரியுதே."

அடுத்து ஆபீஸ்காரர்கள் மாட்டுகிற மெலிசான ஒன்று. பேச்சு பளிச்சென்று கேட்டது, பாட்டு மட்டும் தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்டது. அதற்கடுத்தது தடிமாடு மாதிரி ஒன்று. அதில் கீழ்க்குரல் ஆண்கள் மட்டும் இடி இடித்தார்கள், பெண்களைக் காணோம்.

"இதுல பொம்பளைங்க எல்லாரும் லீவு" என்று சொல்லிவிட்டு ஃபெலெத்தி திடீரென்று ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "ஒரு நிமிஷம்" என்று கழிப்பறைப் பக்கம் நடந்தார். வந்ததிலிருந்து இது இரண்டாவது தடவை.

அவர் போகிறபோதுதான் லெசியெலி அந்த பெல்ட்டைப் பார்த்தாள். ஆணியால் புதிதாக ஓட்டை போட்டிருந்தது. மிச்ச வார் இடுப்பைச் சுற்றிப் பின்னால்வரை போய்த் தொங்கியது. மலைபோல இருந்த மனுஷன்.

"அண்ணி, அண்ணனுக்கு என்ன?"

"டயட்டாம். கேட்டா எரிஞ்சு விழறாரு. நீ கேளேன்."

"நானா? நான் எப்படி அண்ணி கேக்கறது?"

"அதுவும் சரிதான். ஊர் முழுக்க மொழிபெயர்க்கிறவ நீ. உனக்கும் உங்க அண்ணனுக்கும் நடுவுல மொழிபெயர்ப்பு நானு. அதுவும் சம்பளம் இல்லாம!" மெலேயானெ தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். லெசியெலியும் சிரித்து வைத்தாள்.

ஃபெலெத்தி திரும்பி வந்து நாலாவதை மாட்டினார். கறுப்பு நிறம், ஒயரிலேயே மைக், கீல் வைத்து உள்ளங்கைக்குள் மடங்கியது. கண்ணை மூடிக்கொண்டார். வலது கை தானாக உயர்ந்தது. கடைக்காரப் பெண் ஒதுங்கி வழி விட்டாள்.

"இதுதான். மெலே, அவளை மாட்டிக்கச் சொல்லு. பாட்டைக் கேக்க வேணாம். பாட்டுக்கு முன்னால என்ன கேக்குதுன்னு மட்டும் கேக்கச் சொல்லு."

லெசியெலி மாட்டினாள். முதலில் அமைதி. பிறகு மூக்கு வழியாக ஒரு நீண்ட மூச்சு, அதன் நுனியில் சின்னதாக ஒரு விசில். சின்ன வயதில் ரக்பி ஆடி மூக்கெலும்பு உடைந்ததிலிருந்து அண்ணனின் மூச்சு அப்படித்தான். அதன் பிறகுதான் பாட்டு எழுந்தது.

"கேட்டுச்சு" என்றாள், அண்ணியைப் பார்த்து.

"மூச்சு கேக்காத ஹெட்போன் ஹெட்போனே இல்லைன்னு சொல்லு அவகிட்ட" என்றார் ஃபெலெத்தி. கார்டை எடுத்து நீட்டினார். முகம் சந்தோஷத்தில் மின்னியது. அவரை அப்படிச் சந்தோஷமாக அவள் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

அதற்கப்புறம் ஒரு புதன்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. லெசியெலி வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே காரில் இருந்தாள். இந்த வேலையில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். இருபக்கமும் 'நான்' என்றுதான் பேச வேண்டும். டாக்டர் வருந்துகிறேன் என்றால் இவளும் வருந்துகிறேன் என்பாள், நோயாளி வலிக்கிறது என்றால் இவளும் வலிக்கிறது என்பாள். நோயாளி தெரிந்தவராக இருந்தால் உடனே அதைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் இருந்து பிடிபட்டால் வேலை போய்விடும்.

"ஆண் மொழிபெயர்ப்பாளர் வேணும்னு இவர் கேட்டிருந்தார்" என்றாள் டாக்டர், ஆங்கிலத்தில். களைத்த குரல். "ரெண்டு தடவை தள்ளிப் போட்டோம், கிடைக்கல. இனி தள்ள முடியாது. இன்னிக்கு பெண்ணா இருந்தாலும் பரவாயில்லைன்னுட்டார். முடிவுகளைச் சொல்லணும். நல்ல செய்தி இல்லை. தயாரா?"

"தயார்" என்றாள் லெசியெலி. பிறகு டோங்கா மொழியில் வணக்கம் சொல்லி, தான் மொழிபெயர்ப்பாளர் என்றும், கேட்பது எதுவும் வெளியே போகாது என்றும் வழக்கமான நாலு வாக்கியத்தைச் சொன்னாள்.

பதில் வரவில்லை. பிறகு ஒரு மூச்சு மட்டும் வந்தது. மூக்கு வழியாக நீளமாக, நுனியில் சின்ன விசிலோடு.

பழைய ஹெட்போனாக இருந்தால் அது கேட்டே இருக்காது. அவர் குரலைத் தாழ்த்தி, ஒற்றை வார்த்தையாக "சரி" என்றபோது யாரோ ஒரு கிழவர் என்று நினைத்திருப்பாள். இப்போது அவள் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கிக்கொண்டன.

விலகிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் 'இவரை எனக்குத் தெரியும்' என்று அவள் சொன்ன நொடியில் டாக்டரின் அறையில் அண்ணன் கூனிக் குறுகிப் போவார். எழுந்து போனாலும் போய்விடுவார். பிறகு இன்னொரு ஆளைத் தேடி இன்னும் எத்தனை வாரமோ. விலகாவிட்டாலோ, உலகத்தில் எந்தத் தங்கையும் அண்ணனிடம் சொல்லக்கூடாததை இவள் வாயால் சொல்ல வேண்டும். அவருக்குத் தன்னைத் தெரிந்துவிட்டதா என்பதும் புரியவில்லை. கடவுளே, தெரியாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

"ரத்தம் எவ்வளவு நாளா போகுது?" என்றாள் டாக்டர்.

லெசியெலி கேட்டாள். மலம் என்ற சொல்லை அண்ணனிடம் சொன்னாள். இருபது வருடத்தில் அவர் முன்னால் ஒரு தும்மலுக்குக்கூட மன்னிப்புக் கேட்டவள்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாலேர்ந்து" என்றது அந்தத் தாழ்ந்த குரல்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து எனக்கு ரத்தம் போகிறது" என்றாள் இவள், ஆங்கிலத்தில், 'எனக்கு' என்று.

டாக்டர் கேட்டுக்கொண்டே போனாள். மலம் போக வயிற்றில் பை வைப்பதைப் பற்றிச் சொன்னாள். சிறுநீர் பற்றிக் கேட்டாள். மனைவியோடு இருப்பதில் சிரமம் உண்டா என்று கேட்டாள். அதையும் லெசியெலி கேட்டாள், சொல்லுக்குச் சொல். கேட்டுவிட்டு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள்.

மறுபக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டார் போலிருக்கிறது.

"டாக்டர்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார் டோங்காவில். இந்தத் தடவை குரலை மாற்றவில்லை, அறுபது பேரை அடக்குகிற சொந்தக் குரல். "இந்த மொழிபெயர்க்கிற அம்மாவுக்கு அங்க நல்லா கேக்குதான்னு கேக்கச் சொல்லுங்க."

அவள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

"மொழிபெயர்ப்பாளர், உங்களுக்கு நல்லா கேக்குதா? லைன் சரியில்லையா?" என்றாள் டாக்டர்.

"நல்லா கேக்குது. எல்லாமே கேக்குது" என்றாள் லெசியெலி, முதலில் ஆங்கிலத்தில், பிறகு டோங்காவில். டோங்காவில் சொல்கிறபோது பெரியவர்களிடம் பேசுகிற மரியாதைச் சொற்களைப் போட்டாள்.

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

"அப்படின்னா சரி. சொல்லச் சொல்லுங்க. வேற யாரோ சொல்றதுக்குப் பதிலா இந்த அம்மாவே சொல்லட்டும்."

டாக்டர் சொன்னாள். குடலில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது, அறுத்து எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, மருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். எவ்வளவு நாள் என்று அவர் கேட்டார். அடுத்த கிறிஸ்துமஸ்வரை என்று சொல்ல முடியாது என்றாள் டாக்டர். "உங்களிடம் இதைச் சொல்ல வேண்டியிருப்பதற்கு நான் மிகவும் வருந்துகிறேன்" என்று முடித்தாள்.

லெசியெலி எதையும் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. கடைசி வாக்கியத்துக்கு வந்தபோது மட்டும் குரல் உடைந்தது. இத்தனை வருடத்தில் யார் யாருக்கோ எத்தனையோ முறை சொன்ன வாக்கியம்தான். அன்றைக்குத்தான் அதிலிருந்த 'நான்' அவளாகவே இருந்தது.

"வீட்டுல யாருக்கும் தெரிய வேணாம்" என்றார் அவர். "ஆகஸ்ட்ல சபை ஆண்டு விழா. குழு பாடி முடிக்கட்டும். அப்புறம் நானே சொல்றேன். மெலேவுக்கும் நான்தான் சொல்வேன்."

"வீட்டில் யாருக்கும் தெரிய வேண்டாம்" என்று லெசியெலி டாக்டரிடம் சொன்னாள். அழைப்பு முடிந்தது. ஹெட்போனைக் கழற்றியபோது காதுப் பஞ்சு இரண்டும் நனைந்திருந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபைக் கூடத்தில் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் வெந்த மாட்டிறைச்சியும் சேப்பங்கிழங்கும் மேஜையெல்லாம் மணத்தன. ஃபெலெத்தி தட்டில் ஒரு துண்டுக் கிழங்கு மட்டும் இருந்தது. தங்கை எதிரில் வந்ததும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அவளும் தாழ்த்திக்கொண்டாள். என்றைக்கும் இருக்கிற வழக்கம்தான், அதனால் யாரும் எதையும் கவனிக்கவில்லை.

"மெலே, ஹெட்போன் எப்படி இருக்குன்னு அவகிட்ட கேளு."

"நல்லா இருக்குன்னு சொல்லுங்க அண்ணி."

"ரொம்ப மடக்கி மடக்கி விரிக்க வேணாம், கீல்கிட்ட ஒயர் அறுந்துடும்னு சொல்லு. புதுப் பாட்டு ஒண்ணு பதிவு பண்ணியிருக்கோம், அவளுக்கு அனுப்பு."

அவர் எழுந்து கழிப்பறைப் பக்கம் போனார். மெலேயானெ லெசியெலியின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"லெசி, எனக்குப் பயமா இருக்குடி. ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. டாக்டர்கிட்ட போகலாம்னா அடிக்க வராத குறை. நீ தினம் ஆஸ்பத்திரிக்காரங்களோட பேசறவ. உனக்கு என்ன தோணுது, சொல்லேன்?"

லெசியெலி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தவளின் கை. சொல்லிவிடலாம், இவளுக்குத் தெரிய வேண்டிய விஷயம், மற்ற எவரையும்விட இவளுக்குத்தான்.

"எனக்கு என்ன அண்ணி தெரியும்?" என்றாள்.

மறுநாள் காரில் உட்கார்ந்து அந்தப் புதுப் பாட்டைப் போட்டாள். வேண்டுமென்றே பழைய ஹெட்போனைத் தேடி எடுத்து மாட்டினாள். அமைதி, பிறகு சட்டென்று பாட்டு. பாட்டு நன்றாகத்தான் இருந்தது, யாரோ எங்கேயோ பாடுகிற பாட்டு. இரண்டு வரிக்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. அதைப் பிடுங்கிப் பின்சீட்டில் எறிந்துவிட்டு, பையிலிருந்து புதியதை எடுத்து விரித்து மாட்டினாள்.

மணி அடித்தது, கதவைத் திறந்து மகள் ஏறினாள். அம்மா கண்ணை மூடியபடி போனில் பாட்டைத் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்கே பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். மகள் எட்டி, ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். அம்மாவின் விரல் மறுபடியும் பின்னுக்கு இழுத்தது.

"அம்மா, இதுல யாரோ மூச்சு மட்டும்தான் விடறாங்க. பாட்டு எங்க?"

"வரும்" என்றாள் லெசியெலி. "அவசரமில்ல."