பட்டாணி அளவு பசை

அக்காவின் கணினி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூடேறி அணைந்துகொண்டிருந்தது. மாலைக்குள் பாலத்தின் வரைபடத்தை அனுப்பாவிட்டால் புது வேலை கைநழுவிப் போய்விடும். தங்கை குளிர்விக்கும் விசிறியைக் கழற்றினாள். அதன் அடியில் இருந்த பிராசசர் சில்லின் மேல், சூட்டை விசிறிக்குக் கடத்தும் வெப்பப் பசை அப்பிக் கிடந்தது.

“யாருக்கா இப்படிப் பூசினது?”

“நான்தான்டி. நிறையப் போட்டா நல்லா குளிரும்னு நெனச்சேன்.”

“சில்லுக்கும் விசிறிக்கும் நடுவுல இருக்கற இடுக்கை நிரப்பினா போதும்கா. நீ சூடு வெளிய போகாம மெத்தையே போட்டிருக்க!”

தங்கை எல்லாவற்றையும் துடைத்தெடுத்து, பட்டாணி அளவு பசையை நடுவில் வைத்து, விசிறியை அழுத்தித் திருகாணிகளை முடுக்கினாள். கணினியைப் போட்டுவிட்டு இருவரும் பத்து நிமிடம் கடிகாரத்தையே பார்த்திருந்தார்கள்.

பதினோராவது நிமிடமும் வந்து போனது. அக்கா மூன்றாவது தூணை வரையத் தொடங்கியிருந்தாள். தங்கை சாப்பிடக் கூப்பிட்டது அவள் காதில் விழவே இல்லை.