கடைசி அத்தியாயத்தோடு போன ஸ்கர்ட்

எங்கள் தையல் கூடத்தில் ரேடியோ கிடையாது. ரேடியோ என்று நாங்கள் பெயர் வைத்த ஒருத்திதான் உண்டு. ஹூக்கும் பட்டனும் வைப்பது அவள் வேலை. மதியச் சாப்பாடு முடிந்துவிட்டால் ஊசியைத் தொடமாட்டாள். நூலகத்திலிருந்து எடுத்துவந்த நாவலை ஏற்ற இறக்கத்தோடு உரக்க வாசிப்பாள். அவள் பங்குப் பட்டன்களை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொள்வோம். இதைவிட நியாயமான ஏற்பாடு எனக்குத் தெரிந்து எந்தக் கடையிலும் இல்லை.

கடை என் அண்ணியுடையது. கதையென்றால் அவருக்கு வேப்பங்காய். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கணினியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். எங்கள்மேல் கண் இருக்காது, காது இருக்கும். மிஷின் ஓட்டம் கொஞ்சம் தளர்ந்தாலும், "சத்தம் எங்கடி?" என்று உள்ளிருந்து குரல் வரும். சமீபமாக அந்த அறைக் கதவு பாதி திறந்தே கிடந்தது. கேட்டால் புழுக்கமாம். வெளியே மழை கொட்டும்போதும் அவருக்குப் புழுக்கம்தான்.

இந்த முறை ரேடியோ கொண்டுவந்தது ஒரு சரித்திர நாவல். அந்தக் காலத்தில் பெயரை மறைத்துக்கொண்டு கதை எழுதிய பெண்களை மனதில் வைத்து எழுதியதாம். நாயகி வீடே தூங்கும் நேரத்தில் நாவல் எழுதுகிறாள். எழுதிய தாள்களைப் பாவாடைக்குள் தானே தைத்துக்கொண்ட ரகசியப் பையில் ஒளிக்கிறாள். மோப்பம் பிடித்தபடி அலைகிற கொழுந்தன் ஒருவன், தாள் கிடைத்தால் அடுப்பில் போடக் காத்திருக்கிறான்.

"இவன் மட்டும் என் கையில கிடைச்சா, வாய்க்குக் காஜா போட்டுடுவேன்" என்று பல்லைக் கடித்தாள் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கிறவள்.

எனக்கு அந்த எழுத்துக்காரியை அவ்வளவு பிடித்திருந்தது. அவள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதுகூடக் கவலைப்பட்டேன்.

கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டோம். புத்தகம் பழசு, கடைசித் தாள்கள் கட்டுவிட்டுத் தனியே வந்திருந்தன. அவற்றைக் கையில் எடுத்து ரேடியோ தொண்டையைச் செருமினாள். அவள் ஆரம்பிப்பதற்கு முன்பே எல்லா மிஷினும் தானாக நின்றன. அதுதான் வினையாகப் போயிற்று.

அண்ணி புயலாக வந்தார். ரேடியோ தாள்களை என் மடியில் தள்ளினாள். மடியில் ஓர் அலுவலக யூனிஃபார்ம் ஸ்கர்ட். என் கை சட்டென்று தாள்களை அதன் பைக்குள் செருகியது. செருகிய பிறகுதான் உறைத்தது: அந்த ஸ்கர்ட்டுக்குப் பையே கிடையாது! கதை கேட்ட மயக்கத்தில், லைனிங் துணியை வெட்டி நானே ஒரு பை வைத்துத் தைத்திருக்கிறேன்.

அண்ணி புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். "இனிமே இங்க கதைச் சத்தம் கேட்டுச்சு, ரேடியோ வேற கடை பார்த்துக்கட்டும்!" திரும்பியவர் என் மடியைப் பார்த்தார். "முடிஞ்சுதா? வண்டி நிக்குது, குடு."

நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்கர்ட் போய்விட்டது.

மறுநாள் காலை அண்ணி என்னை உள்ளே கூப்பிட்டார். ஸ்கர்ட்டுக்குள் தாள் போன கதை தெரிந்து ரேடியோவுக்கு வேலை போனால் அது என்னால்தான். அண்ணியின் கண்கள் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தன. மேஜைமேல் புத்தகம்.

"அண்ணி, ரேடியோ மேல தப்பில்ல. மிஷினை முதல்ல நிறுத்தினது நான்தான்..."

"அதைக் கேட்டனா? கொழுந்தன் கையில தாள் சிக்குச்சா இல்லையா?"

"அண்ணி?"

"கடைசி அத்தியாயம் எங்கடி? புத்தகம் மொட்டையா நிக்குது!"

சொன்னேன். அண்ணி தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. யூனிஃபார்ம் ஆர்டர் கொடுத்த மேலாளரம்மா. அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"என் ஸ்கர்ட்ல ஒரு பை இருக்குங்க."

"மன்னிச்சுக்குங்கம்மா, உடனே பிரிச்சுத் தந்துடறோம்."

"பிரிச்சீங்க, ஆர்டரே கிடையாது. இத்தனை வருஷமா ஒரு சாவி வைக்க இடமில்லாம அலையறேன். எல்லா ஸ்கர்ட்லயும் வைங்க. அது இருக்கட்டும், உள்ள கொஞ்சம் தாள் இருந்துச்சு. படிச்சதுலேர்ந்து நிம்மதி போச்சு. யாருங்க இந்தக் கொழுந்தன்?"

"அவனா? சரியான அயோக்கியன்ங்க!" அண்ணி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "கடைசியில அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சு, அதைச் சொல்லுங்க."

"முன்கதை சொல்லுங்க. அப்புறம் படிச்சுக் காட்டறேன்."

வியாபாரம் படிந்தது. அண்ணி முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தார். பேசுகிற சுவாரசியத்தில் ஃபோனும் கையுமாகக் கூடத்துக்கே வந்துவிட்டார். கொழுந்தன் பேசும்போது மூக்கால் பேசினார். நாயகி அழும்போது அரை நொடி நிறுத்தினார். எல்லாம் அப்படியே ரேடியோவின் ஏற்ற இறக்கம். அது எந்தப் புத்தகத்திலும் அச்சாகியிருக்காது.

"புழுக்கமாம், புழுக்கம்!" என்று ரேடியோ என் தொடையைக் கிள்ளினாள்.

ஒருவழியாக முன்கதை முடிந்தது. மேலாளரம்மா தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. நேற்று வாங்கிய திட்டு போதுமென்று நாங்கள் நல்ல பிள்ளைகளாகத் தலையைக் குனிந்து, எல்லா மிஷினையும் ஒரே மூச்சில் ஓட்டினோம்.

அண்ணி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு எங்களைப் பார்த்து அலறினார்.

"சத்தம் எதுக்குடி? நிறுத்துங்க!"