கருவை அதிரவைக்கும் அறை

பிரபா எழுதி ஒட்டிய பலகைதான் வம்புக்குக் காரணம். ஆஸ்பத்திரியில் அவள் ஸ்கேன் எடுக்கும் எம்.ஆர்.ஐ. அறைக் கதவில் கன்னடமும் ஆங்கிலமும் இருக்க, தமிழ் மட்டும் இல்லையே என்று அவளுக்கு ரோஷம். கிருஷ்ணகிரியில் தமிழ்வழியில் இயற்பியல் படித்தவள் வேறு. அந்த இயந்திரத்தின் பழைய முழுப்பெயரையே எழுதிவிட்டாள்: 'அணுக்கரு காந்த ஒத்ததிர்வு'. ஜனங்கள் மிரள்கிறார்கள் என்று வெளிநாட்டிலேயே 'அணுக்கரு'வை எப்போதோ வெட்டிவிட்டார்கள். பிரபாவுக்கு வெட்ட மனம் வரவில்லை. அணுக்கருமேல் அவளுக்கு அவ்வளவு பிரியம்.

ஸ்ரீராம்புரத்துச் சரளா சக்கர நாற்காலியில் வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். வலப்பக்க வயிற்றில் தாங்க முடியாத வலி. குடல்வால் வீக்கமா என்று அல்ட்ராசவுண்டில் பிடிபடவில்லை. இங்கே தெரிந்தால்தான் டாக்டர் கத்தியை எடுப்பார். அது வெடித்துவிட்டால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

சரளா பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் வெளிறிப்போனது.

"அணுகுண்டு வெச்சு கருவ அதிர வெப்பீங்களா? நா வரல மேடம். போன வருசம் ஒண்ணு கலஞ்சிடுச்சு. வலி இருந்துட்டுப் போவுது."

பிரபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படித்த திமிரில், அந்தச் சொல் ஒரு தாயின் காதில் எப்படி விழும் என்று யோசிக்கவே இல்லை. சரளாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அது வேற கரு அக்கா. தண்ணில ஹைட்ரஜன்னு ஒரு அணு இருக்கு. அந்த அணுவ கண்டீரவா ஸ்டேடியம் அளவுக்குப் பெருசாக்குனா, நடுவுல இருக்கற கரு ஒரு கடுகுதான். ஆனா கிட்டத்தட்ட மொத்த எடையும் அந்தக் கடுகுக்குள்ளதான்."

"மீதி எடம்?"

"காலி மாதிரிதான். அந்தக் கரு ஒவ்வொண்ணும் குட்டிக் காந்தம். மெஷினு ரேடியோ அலைய அனுப்புனா சாயும், நிறுத்துனா பழையபடி வந்துடும். வரும்போது ஒரு சிக்னல் குடுக்கும். அத வெச்சுத்தான் படம். எதுவும் உடையாது. எக்ஸ்ரேவும் கெடையாது. உலகம் பொறந்தப்பவே பொறந்ததுங்க அக்கா அதுங்க, நம்ம மெஷினுக்கெல்லாம் அசராது."

தினமும் பொத்தான் அழுத்துகிறவள்தான். இருந்தும் சொல்லச் சொல்ல அவளுக்கே மெய்சிலிர்த்தது.

சரளா வயிற்றில் கை வைத்தாள். "பாப்பாகிட்டயும் இருக்கா?"

"இருக்கு."

"நா குடிச்ச காவேரித் தண்ணிதான அது?"

பிரபா அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. "ஆமாக்கா. நீங்க குடுத்ததுதான்."

"அப்போ ஏத்துங்க."

இயந்திரம் தடதடவென்று அதிர, சரளா அசையாமல் கிடந்தாள். திரையில் வீங்கிய குடல்வால் தெளிவாகத் தெரிந்தது, இன்னும் வெடிக்கவில்லை. அதற்குச் சற்றுத் தள்ளிக் குழந்தை, முழங்காலை மடக்கிக்கொண்டு. கோடானுகோடிக் கடுகுகள் சேர்ந்து வரைந்த படம். பிரபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே டாக்டரை அழைத்தாள்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் சரளா அந்த வழியாக வந்தபோது, பிரபா பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மேடம் எடுக்கறீங்க?"

"நீங்களே பயந்துட்டீங்களேக்கா."

"பயந்தேன்தான். இருந்தாலும் விடுங்க. அந்தப் பேரு போட்ட ரூமுலதான என் கரு பொழச்சுது."