முப்பது கிலோமீட்டர் உயரத்து வெயில்

சிவப்பிரகாசம் சாருக்கு 'வானியல் செம்மல்' பட்டம் கொடுத்த விழாவில் சால்வையும் மாலையும் அவரே வாங்கியவை. பாராட்டுரையை வேறொருவர் படித்தார். எழுதியது மட்டும் சார்.

2009 ஜனவரியில் பிரவுசிங் சென்டரில் ஒரு தாள் பிரிண்ட் எடுத்து வந்தார். வடதுருவத்துக்கு முப்பது கிலோமீட்டர் மேலே, குளிர்காலம் முழுக்கச் சுழன்ற காற்று உடைந்து திசை திரும்பிவிட்டதாம். அங்கே ஒரே வாரத்தில் சூடு ஐம்பது டிகிரி ஏறிவிட்டதாம். ஆரணியில் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

உண்ணாமலை வழிமறித்தாள். அவளும் புருஷன் மாணிக்கவேலும் நெசவாளிகள்; பனிக்குப் பயந்து நாலு நாளாகத் தறிக்கான பட்டு இழைகளைத் தெருவில் பாவாக நீட்டவில்லை. கஞ்சி போட்ட பாவு வெயிலில் காயாவிட்டால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். இந்த ஒன்று கெட்டால் இனி பாவே கிடையாது என்று பாவு கொடுக்கும் பட்டுக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"நாளைக்கு நீட்டலாமா சார்?"

"தாராளமா நீட்டும்மா. ஐம்பது டிகிரி! பனியாவது கினியாவது!"

மறுநாள் எதிர்வீடு தெரியாத பனி. ஒன்பது மணிக்கும் பாவு சொட்டச் சொட்ட நின்றது. சார் வந்து சேர்ந்தபோது டீக்கடை தருமன் காத்துக்கொண்டிருந்தான்.

"எவ்ளோ ஒசரத்துல சார் அந்தச் சூடு?"

"முப்பது கிலோமீட்டர்."

"இங்கேருந்து போளூரு தூரம். போளூர்ல வெயில் அடிச்சா ஆரணில பாவு காயுமா சார்?"

"சும்மா இரு தருமா," என்றான் மாணிக்கவேல். "சார் படிச்சவரு. நாமதான் தப்பா புரிஞ்சிகினோம்."

சார் சட்டைப்பையிலிருந்த தாளைப் பிரித்தார். கீழ் வரியில் முன்பிருந்த சூடு, இப்போதைய சூடு; இரண்டு எண்களுக்கும் முன்னால் சின்னக் கோடு. 'ஐம்பது ஏறியது' என்பதோடு நிறுத்தி, நேற்று படிக்காமல் விட்ட வரி. மைனஸ் எழுபது, மைனஸ் இருபது ஆகியிருந்தது. ஏறின பிறகும் ஐஸ்கட்டியைவிடக் குளிர். முப்பத்திரண்டு வருஷம் பிசிக்ஸ் எடுத்தவருக்குக் காது சுட்டது.

"தப்பு என்னுது," என்றார். "சரியா படிக்கல. அங்க சூடு ஏறினா இங்க என்ன ஆகும்னு எனக்குத் தெரியவும் தெரியாது."

உண்ணாமலை நிமிரவில்லை. ஒட்டிய இழைகளை விரலால் பிரித்துக்கொண்டிருந்தாள். சார் பக்கத்தில் குனிந்து ஒரு இழையை இழுத்தார். அறுந்தது. இன்னொன்று. அதுவும்.

"கைய எடுங்க சார். பாவோட அந்தக் கோடியில போய்ப் பிடிச்சிகினு நில்லுங்க. பேசாதீங்க, பேசினா கை ஆடுது."

நின்றார். போகிற வருகிறவர்கள் வணக்கம் வைத்தார்கள். திருப்பி வைக்கக் கை இல்லை.

பதினோரு மணிக்கு வெயில் வந்தபோது பாவில் பாதி தேறியிருந்தது. மாணிக்கவேல் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினான்.

"நானும் வரேன்," என்றார் சார். "என்னாலதான் கெட்டுதுன்னு நானே சொல்றேன்."

மாணிக்கவேல் தரையைப் பார்த்தான். உண்ணாமலைதான் சொன்னாள்.

"வேணாங்க சார். பனியால கெட்டுதுன்னு சொன்னா கடைக்காரரு ஒருவேளை நம்புவாரு."