ஒன்பது தையல்

"இந்தத் தெருவுல வண்டிங்க என்ன வேகத்துல போகுதும்மா?"

புதிதாகப் போட்ட தார்ச்சாலையைப் பார்வையிட வந்த பொறியாளர் ஒருநாள் தையல்காரியிடம் இப்படிக் கேட்டார். முகம் பார்த்துப் பேசவே கூச்சப்படுகிறவள் அவள். ஊசியைப் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"ஒன்பது தையல் சார்."

பொறியாளர் விழித்தார். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்றிலிருந்து அக்காவுக்கு அவன் வைத்த பட்டப்பெயர் 'ஒன்பது தையல்'.

சிரித்தவனுக்குக் கணக்குப் புரியவில்லை. அவள் கடை சரிவான தெருவில் இருந்தது. வாசலில் மின்கம்பம், கீழே வளைவில் தபால் பெட்டி. மிதி இயந்திரத்தில் அவள் கால் எப்போதும் ஒரே சீராக ஓடும். ஒரு வண்டி மின்கம்பத்தைத் தாண்டித் தபால் பெட்டியை எட்டுவதற்குள் ஊசி எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணுவது அவள் பழக்கம். தெரு குண்டும் குழியுமாக இருந்தபோது நாற்பது. தார் போட்ட மறுநாள் இருபது. அந்த மாதம் முடிவதற்குள் ஒன்பதுக்கு வந்துவிட்டது. அந்த ஒன்பதுக்குச் சொந்தக்காரன் வாடகைக் கார் ஓட்டும் அவள் தம்பியேதான்.

தினமும் மாலை நாலு மணிக்கு அவளுடைய பத்து வயது மகள் பள்ளி முடிந்து அந்தச் சாலையைத்தான் கடந்து வருவாள். நாலு மணி நெருங்கினாலே தையல்காரியின் கால் மிதியில் தடுமாறும்.

"கொஞ்சம் மெதுவா போடா. சரிவு வேற, டயரும் மொட்டையா இருக்கு."

"அதான்க்கா விஷயமே! வழவழன்னு ரோடு, வழவழன்னு டயர். வெண்ணெய் மாதிரி போகும். என் பிரேக் மேல உனக்கு நம்பிக்கை இல்லியா?"

"பிரேக் சக்கரத்தைத்தான்டா நிறுத்தும். வண்டிய ரோடுதான் நிறுத்தணும்."

"ஐயோ, ஒன்பது தையல் இன்ஜினீயராயிட்டாங்க!" என்று கும்பிடு போட்டுவிட்டுப் பறந்துவிட்டான்.

அந்த வாரம்தான் முதல் மழை வந்தது. பெரிய மழையில்லை, சிறு தூறல்தான். சாலையில் படிந்திருந்த தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் தண்ணீரோடு கலந்து பளபளத்தன. மகளுக்காகத் தைத்து முடித்த மஞ்சள் மழைக்கோட்டைச் கடையில் உடுப்பு மாட்டி வைக்கிற, சக்கரம் வைத்த சின்னப் பொம்மைக்கு மாட்டி, அளவு சரியா என்று பார்க்க வாசலோரம் நிறுத்தியிருந்தாள் தையல்காரி. அந்தத் துணியை வாங்கிக் கொடுத்ததே தம்பிதான். "இத போட்டா என் மருமக எங்க நின்னாலும் கண்ணுல படுவா" என்று பெருமையாகச் சொல்லியிருந்தான்.

ஒரு காற்று அடித்தது. பொம்மை படியிலிருந்து இறங்கி, தூறலில் நடை பழகுவதுபோல் உருண்டு சாலைக்குப் போனது.

மேலேயிருந்து தம்பியின் கார் வந்தது. பின்பெட்டி நிறையத் தரை ஓடுகள். மஞ்சள் கோட்டைப் பார்த்ததும் உயிர் போகிற வேகத்தில் பிரேக்கை மிதித்தான். சக்கரங்கள் நின்றன. கார் நிற்கவில்லை. பாரம் பின்னாலிருந்து தள்ள, ஈரத்தில் சறுக்கிக்கொண்டே வந்து பொம்மையைத் தூக்கி அடித்துவிட்டுத்தான், மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"ஐயோ, என் கண்ணே!"

கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தவன் மஞ்சள் கோட்டை வாரி மடியில் போட்டான். முகம் பார்க்கக் கோட்டின் தொப்பியை விலக்கினான். விலக்கியவன் அலறிய அலறலில் எதிர்வீட்டுச் சன்னல்கள் திறந்துகொண்டன.

"அக்கா! தலையக் காணோம்க்கா!"

"அதுக்கு வாங்கும்போதே தலை இல்லடா!" என்று கத்தினாள் தையல்காரி. அவள் அப்படிச் சத்தமாகப் பேசி அந்தத் தெரு கேட்டதே இல்லை.

மழை வலுக்கும் என்று அன்று பள்ளியை முன்னதாகவே விட்டிருந்தார்கள். உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்த மகள் துண்டோடு எட்டிப் பார்த்தாள். "மாமா, எதுக்கு என் கோட்டுக்குத் தாலாட்டு பாடுறீங்க?"

எதிர்வீட்டுச் சன்னல்கள் சிரித்தன. அவன் சிரிக்கவில்லை. ஈரத்தோடு அவளை இழுத்து அணைத்துக்கொண்டான். கோட்டின் கை தோளோடு கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

தையல்காரி அதை வாங்கிக் கிழிசலை விரலால் அளந்தாள். இந்த முறை தம்பியின் முகத்தைப் பார்த்தே பேசினாள்.

"ரோடு நல்லாருக்குன்னா பறக்கலாம்னு அர்த்தமில்லடா. காஞ்ச ரோட்டுல நிக்கிற வண்டி ஈரத்துல அதே இடத்துல நிக்காது. டயர் தேய்ஞ்சா, பாரம் ஏறினா, சரிவு இருந்தா இன்னும் தள்ளிப் போய்த்தான் நிக்கும். அதையெல்லாம் பாத்துத்தான் வேகத்தை முடிவு பண்ணணும், ஆசையைப் பாத்து இல்ல. நீ வேகமா போகப் போக இங்க என் தையல் குறையும். ஆஸ்பத்திரியில டாக்டர் போடுற தையல் கூடும். எது வேணும்னு நீயே சொல்லு."

பிறகு உட்கார்ந்து கிழிந்த கையை ஊசிக்கடியில் வைத்தாள்.

தம்பி பொம்மையைத் தூக்கி வந்து சுவரோரம் நிறுத்தி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அணை கொடுத்தான். குனிந்து தன் டயரை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான். 'ஒன்பது தையல், வரட்டுமா' என்று எப்போதும் சொல்கிறவன், இன்று 'வரேன்க்கா' என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினான்.

கார் நகர்ந்தது. அவள் கால் தானாக மிதியை அழுத்தியது. உதடு எண்ணத் தொடங்கியது.

கார் தபால் பெட்டியைத் தாண்டியபோது நாற்பத்தொன்று. கோட்டின் கையும் முழுசாக ஒட்டியிருந்தது.