பறக்கும் மீனைப் பார்க்காதவன் எழுதியது

1

இந்தக் கதை ஒரு பறக்கும் மீனால் வந்தது. அந்த மீனை நான் பார்க்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் சொன்னால் ஏமாற்றியதுபோல் ஆகிவிடும்.

பார்த்தவன் கன்னியப்பன். உத்திரமேரூர் ஏரியின் மதகைத் திறந்து மூடி, கழனிகளுக்குத் தண்ணீர் விடுகிறவன். அணா போய் நயா பைசா வந்த வருஷம், ஏரியில் தண்ணீர் இல்லை, எங்களுக்கு வேலையும் இல்லை. அவனும் நானும் சென்னையில் கப்பலேறி அந்தமானுக்கு ரோடு போடப் போனோம். நாலு நாள் பயணம். கப்பலின் அடித்தட்டில் எங்களைப் போன்ற கூலியாட்கள். மேல்தட்டில் கடலைப் பார்த்துக்கொண்டே போக வந்த குடும்பங்கள், கழுத்தில் தூரக்கண்ணாடி.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நீலக் கடலின் மேலே வெள்ளி மீன்கள் சிறகு விரித்து’

அடித்துவிட்டேன். கடல் நீலம் என்று நான் எங்கே கண்டேன்? நான் கண்டது ஒரு தகர வாளியும் அதில் எடுத்த வாந்தியும்.

அடுத்தது: ‘நானும் கன்னியப்பனும் கப்பல் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தபோது’

இதையும் பாதியில் விட்டேன். காரணம் என் பெண்சாதி மார்த்தாள். நாற்று நட்டுவிட்டு வந்தவள், காலைக் கழுவிக்கொண்டே, “இன்னா எய்தினுகீற, படி” என்றாள். படித்தேன்.

“நீ எங்க நின்ன? படுத்துக்கினு கெடந்தன்னுதானே சொன்ன.”

“கன்னியப்பனுக்காவ எய்தறன்டி.”

“அவன் பாத்தது நெசம். அத்த நீ பாத்தன்னு எய்தினா பொய்யி. அவன் நெசத்துமேல ஒம் பொய்ய ஏத்தி வக்காத.”

(மார்த்தாளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கும் நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது, மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், முழங்காலை மடக்க முடியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து. எழுதுவது கற்றால் வந்துவிடுகிறது. எதை எழுதக்கூடாது என்பதற்கு வகுப்பு இல்லை. வீட்டில் மார்த்தாள் இருக்கிறாள்.)

3

எதற்காக எழுதுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

கன்னியப்பன் மூன்று காட்சிகள் கண்டான். மீன்கள் கூட்டமாகப் பறந்தன. வேரோடு ஒரு மரம் மிதந்துவந்தது, அதன் கிளையில் ஒரு நாரை. “பஸ்ஸுல டிக்கெட்டு வாங்காத குந்திக்கினு போவானே, அந்த மாரி மொகத்த வச்சிக்கினு குந்தினிருந்துச்சி” என்பான். மூன்றாவது, கடல் நடுவில் தண்ணீர் தூணாக எழுந்து மேகத்தைத் தொட்டது. “மானம் ஏத்தம் போட்டு எறைச்சிக்கினு கீது” என்று வானத்தை நோக்கிக் கையைத் தூக்கிக் காட்டுவான்.

டீக்கடையில் எங்கள் தெரு வரதன் கேட்பான்: “எறைச்ச தண்ணி எந்தக் கழனிக்கிப் போச்சி கன்னியப்பா? நம்ம ஏரிக்கி ஒரு வாய்க்கா வெட்டிட்டு வர்றதுதானே?”

கடையே சிரிக்கும். கன்னியப்பனும் சிரிப்பான். அவனுக்குக் ‘கப்பலு’ என்று பேர் வந்தது. பொய் சொன்னால் ‘கப்பல் வுடாத’ என்பது எங்கள் தெருவில் வழக்கமாயிற்று.

இப்போது அவன் மகள் முனியம்மாளுக்குப் புள்ளலூரிலிருந்து இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை சின்னராசு. அவனுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது, அவளுக்கும் அவனை. அவன் அப்பா பெருமாள் அண்ணன், எங்கள் டீக்கடைப் பேச்சுக்குக் காதைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“கப்பலு வூட்ல பொண்ணெடுத்தான் பெருமாளுன்னு எங்கூர்ல சொல்லுவாங்க. கூடப் போனவன் நீதானே? பாத்தத காயிதத்துல எய்திக் குடு. எய்தினா நம்புறன்.”

ஏன் காகிதம் என்று நான் கேட்கவில்லை. வாயால் கொடுப்பதாகச் சொன்ன நிலம் ஒன்றும் எங்கள் கைக்கு வந்ததில்லை. காகிதத்தில் எழுதிய நிலமெல்லாம் யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர் வேறு எதை நம்புவார்?

4

இனி உண்மை.

இரண்டாம் நாள் உச்சிப்பொழுது. கன்னியப்பன் கீழே இறங்கி வந்து என் காலை இழுத்தான்.

“தானி, எய்ந்திருடா. மீனு பறக்குது, வெட்டுக்கிளியாட்டம்.”

“வவுறு பேஜாரா கீது. நீ போ.”

“வாந்தி ஊர்லயும் எடுக்கலாம். மீனு அங்க பறக்காது.”

எழுந்துபோனேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. படி ஏறினேன். படி முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. கன்னியப்பன் குனிந்து அந்தப் பக்கம் போனான். நான் நின்றுவிட்டேன்.

(இந்த வரியை நாலு தடவை அடித்து நாலு தடவை எழுதினேன்.)

என்னை யாரும் தடுக்கவில்லை. பலகை எதுவும் இல்லை. எந்தத் தெருமுனையில் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும் என்று ஊரில் என் கால்களுக்குத் தெரியும். அதே கால்களோடுதான் கடலுக்கும் போயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மாள் வந்து, கயிற்றில் காய்ந்த இரண்டு துண்டுகளை உருவிக்கொண்டு கயிற்றையும் அவிழ்த்துப் போனாள். துணி காயப்போட்ட கயிறு. அப்போதும் நான் நகரவில்லை.

அங்கிருந்து கடல் தெரியாது, நடுவே கப்பலோடு கட்டிய ஆபத்துப் படகு ஒன்று தொங்கியது. கன்னியப்பனின் முகம் தெரிந்தது. வாய் திறந்திருந்தது. தண்ணீர் பாய்கிற கழனியைப் பார்க்கிறவனின் முகம். பக்கத்திலிருந்த தூரக்கண்ணாடிக்காரர் அவன் தோளைத் தொட்டு, “அதோ பார், அதோ” என்றார். இரண்டு தலைகளும் ஒரே நொடியில் ஒரே பக்கம் திரும்பின. பொய்யைப் பார்க்க அப்படித் திரும்ப மாட்டார்கள்.

மீனுக்கு நான் இவ்வளவுதான் சாட்சி. மரத்துக்கும் தண்ணீர்த் தூணுக்கும் இதுவும் இல்லை. அப்போது வாளியோடு கிடந்தேன்.

இத்தனை வருஷமும் டீக்கடையில் “தானியக் கேளு, அவனுந்தான் வந்தான்” என்று என்னைக் காட்டுவான் கன்னியப்பன். “எனக்கு மயக்கம், தெரியாது” என்பேன். படியேறியதைச் சொன்னால் நின்றதையும் சொல்ல வேண்டுமே. அவனைக் கப்பலாக்கியது வரதன் இல்லை, நான்தான்.

5

முடிவுக்கு இரண்டு எழுதிவைத்தேன்.

ஒன்று: பெருமாள் அண்ணன் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று

இரண்டு: தை பிறந்ததும் கல்யாணம். வரதனே பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கன்னியப்பன்

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் நிறுத்தினேன். மார்த்தாளுக்கு இரண்டையும் படித்தேன்.

“எது நடக்கும்?”

“தெரியல.”

“தெரியாதத எதுக்கு எய்தற? வெளக்குல எண்ணெ ஊத்திட்டு வா.”

ஆகையால் முடிவு என்னிடம் இல்லை. சின்னராசு, உன் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அவருக்கு இதை நீதான் உரக்கப் படித்துக்கொண்டிருப்பாய். “மேல இன்னா கீது, படி” என்பார். மேலே ஒன்றுமில்லை. இந்த நேரம் கன்னியப்பன் கீழ் மதகில் இருப்பான். அப்பாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போ. தண்ணீர் எப்படி எழுந்து நின்றது என்று கேள். அவன் கையைத் தூக்குவான். நீங்கள் இருவரும் அவன் முகத்தைப் பாருங்கள்.

பிறகு இந்தத் தாளைத் திருப்பி, அங்கே பார்த்ததை நீயே எழுது. என்னிடம் காட்ட வேண்டாம். முனியம்மாளுக்குப் படிக்கத் தெரியும்.