எதிர் பெஞ்சு

எனக்கு இரண்டு அண்ணன்கள். பெரியவன் பிளம்பர், சின்னவன் எலக்ட்ரீஷியன். ஒரு வீட்டுக் குளியலறைச் சுவரில் சின்னவன் பதித்திருந்த ஒயரை, குழாய்க்குத் துளை போடுகிறேன் என்று பெரியவன் அறுத்துவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது. என் கல்யாணத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. "அவன் வந்தா நான் வரல" என்று இருவரும் தனித்தனியாக வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பா இல்லாத வீடு. இவர்களில் ஒருவன் இல்லாமல் நான் எப்படிக் கல்யாணத்துக்கு நிற்பது? எனக்கு எரிச்சலும் அழுகையும் மாறி மாறி வந்தன.

எங்கள் சபை ஒரு மருந்துக் கடையின் மாடியில் கூடுகிறது. ஹால் ஒடுக்கம் என்பதால் பெஞ்சுகளை இரண்டு சுவர் ஓரமாக எதிரெதிரே போட்டிருப்போம். பைபிளில் உள்ள சங்கீதப் பாடல்களை வாசிக்கும்போது இந்தப் பக்கம் ஒரு வசனம், அந்தப் பக்கம் ஒரு வசனம். போதகர் இதில் கறார். வரிசை மாறினால் முதலிலிருந்து வாசிக்கச் சொல்வார். அண்ணன்கள் இப்போது ஆளுக்கொரு பக்கம்.

அந்த ஞாயிறு போதகர், பகைவர் நடுவே தவிக்கிற ஒருவன் புலம்பும் சங்கீதத்தை எடுத்தார். "பிரசங்கம் அப்புறம். முதல்ல அவங்கவங்க கஷ்டத்த நெனச்சு வாசிங்க" என்றார். இவர்களுக்கு அது போதாதா?

முதல் வசனத்தில் அந்த மனிதன் கழுத்துவரை தண்ணீரில் நிற்கிறான். எங்கள் பிளம்பர் அதை எதிர் பெஞ்சைப் பார்த்து முழங்கினான். காரணமில்லாமல் பகைக்கிறவர்கள் என் தலைமுடியைவிட அதிகம் என்கிற வசனம் சின்னவன் பக்கத்துக்கு வந்தது. அவன் தலையில் முடி அவ்வளவாகக் கிடையாது. ஆனாலும் அண்ணனை முறைத்துக்கொண்டு தொண்டை கிழிய வாசித்தான். மற்றவர்கள் குரலை இறக்கிக்கொண்டார்கள். எனக்கு மானம் போயிற்று.

அடுத்தது பெரியவன் பக்கம். கடவுளே, என் புத்திகெட்டத்தனம் உமக்குத் தெரியும் என்கிறான் புலம்புகிறவன். முழங்குவதற்கு வாயைத் திறந்த பெரியவன் வசனத்தைப் பார்த்து நிறுத்தினான். வரிசை மாறக் கூடாதே. முணுமுணுவென்று வாசித்தான்.

"எனக்கும் தெரியும்" என்றான் சின்னவன்.

ஹாலே சிரித்தது. பெரியவனுக்கும் உதடு கோணியது.

சிரிப்பு ஓயாமலே வாசிப்பு தொடர்ந்தது. பிறகு, கூடப்பிறந்தவர்களுக்கே வேற்று ஆளாகிப் போனேன் என்கிற வசனம் சின்னவனிடம் வந்தது. பாதியில் நின்றான். தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி தொடங்கினான். குரல் வரவில்லை.

பெரியவன் தன் முறை இல்லாமலே எழுந்து அந்த வசனத்தை முதலிலிருந்து வாசித்தான். சின்னவன் கூடச் சேர்ந்துகொண்டான். நான் பயந்துபோய்ப் போதகரைப் பார்த்தேன். அவர் வேதப்புத்தகத்தை மூடினார்.

"பிரசங்கம் முடிஞ்சுது" என்றார். ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக அவர் எங்களை விட்டதே கிடையாது. ஆமென் பலமாக வந்தது.

மாடிப்படியில் இருவரும் எனக்கு முன்னால் இறங்கினார்கள்.

"குழாய் போற எடத்துல எவனாவது ஒயர் பதிப்பானா?" என்றான் பெரியவன்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லண்ணா?"

"கேக்கறதுக்கு நீ ஃபோன எடுத்தியா?"

தெருமுனை வரை சண்டை ஓயவில்லை. கல்யாணத்தன்று எனக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் நடந்து வந்தார்கள், என் தலைக்கு மேலாக அந்த ஒயரைப் பற்றியே பேசிக்கொண்டு. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.